‘இன்னும் ஒரே ஒரு கரண்டி..!’ - விசேஷ வீட்டுப் பந்தியில் எடைக் குறைப்பைக் காப்பாற்றுவது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்குச் சொந்தமில்லை. ஒரு வாரம் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல். அடுத்த வாரம் உறவுகளோடு வேன் பிடித்துப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில். அதற்கடுத்து அக்கா மகனுக்குக் காதுகுத்து, கிடா விருந்து. ஆவணி வந்ததும் கல்யாணப் பத்திரிகைகள். பின்னாலேயே தீபாவளி, பொங்கல்.

காலையில் நடைப்பயிற்சி, இரவில் இரண்டு இட்லி என்று மூன்று மாதங்களாக எடையைக் குறைத்துக்கொண்டு வருபவர்களுக்குச் சோதனை தொடங்குவது இங்கேதான். வீட்டில் காக்கும் கட்டுப்பாடு, விசேஷ வீட்டில் இலை போட்டதும் எங்கே போகிறது? இது வெறும் ‘வாய்க்கட்டு’ இல்லாத பிரச்னையா? இல்லை என்கின்றன ஆய்வுகள்.

ஏன் இதைப் பேச வேண்டும்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தரும் கணக்குப்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இணைந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். வயிற்றுப் பகுதிப் பருமன் கொண்டவர்கள் 35.1 கோடி பேர்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசிய உடல்வாகு கொண்டவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23 ஆனாலே ‘அதிக எடை’, 25 ஆனால் ‘உடல் பருமன்’ என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஆக, பலருக்கு எடைக் குறைப்பு அழகு சமாச்சாரம் அல்ல. மாத்திரையைத் தள்ளிப்போடும் முயற்சி.

கூட்டமாகச் சாப்பிட்டால் கூடுதலாக இறங்கும்!

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜான் டி காஸ்ட்ரோ, சாதாரண மக்கள் தினமும் எழுதிவைத்த உணவுக் குறிப்புகளை 1980-களின் இறுதியில் ஆராய்ந்தார். தனியாகச் சாப்பிடும் வேளையைவிட, பிறரோடு சேர்ந்து சாப்பிடும் வேளையில் உணவின் அளவு சுமார் 44 சதவிகிதம் அதிகமாக இருந்தது. அறிமுகமில்லாதவர்களோடு சாப்பிடும்போது இந்த விளைவு பெரிதாக இருப்பதில்லை. நெருங்கிய நண்பர்களும் குடும்பத்தினரும் கூடும்போதுதான் அதிகம்.

காரணம் எளிமையானது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் உட்காரும் நேரம் நீளும். நேரம் நீண்டால் கை இலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் இரண்டாவது முறை பிரியாணி வாங்கினால், ‘நாமும் வாங்கலாம்’ என்று மனம் தானாகவே அனுமதி கொடுத்துவிடும்.

நம் பந்தியில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. ஓட்டலில் அளவை நாம் முடிவு செய்கிறோம். பந்தியில் அதை முடிவு செய்வது கரண்டி பிடித்திருப்பவர். ‘போதும்’ என்று சொல்வதற்குள் இலையில் விழுந்துவிடும். விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்து பழகிய நாம், பசி தீர்ந்த பிறகும் இலையைக் காலி செய்கிறோம்.

ஷிப்ட் முடிந்து நேராக மண்டபமா?

இந்தப் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகள் என இங்கே நிறைய வீடுகள் ஷிப்ட் கணக்கில்தான் ஓடுகின்றன. இரவு வேலை முடித்து மின்சார ரயிலில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, தூங்காமலே முகூர்த்தத்துக்குப் போவது இங்கு சாதாரணம்.

தூக்கமில்லாத உடம்பு பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். இரண்டு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதித்தபோது, ‘வயிறு நிறைந்தது’ என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவிகிதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவிகிதம் கூடியது. இனிப்பு, மாவுச்சத்து உணவுகள் மீதான ஆசையும் எகிறியது. அதாவது, நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் இரண்டு பிரியாணி கேட்டால் அது அவருடைய மனக்கட்டுப்பாடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. உடம்பும் சேர்ந்தே கேட்கிறது. அன்றைக்கு விசேஷத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை, இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போவது நல்லது.

காலைப் பட்டினி வேண்டாம்

‘மதியம் விருந்து இருக்கே, காலையில ஒண்ணும் வேணாம்’ என்பது பலரும் செய்யும் கணக்கு. முகூர்த்தம், மொய், போட்டோ எல்லாம் முடிந்து இலை கிடைக்க இரண்டரை மணி ஆகும். அப்போது இருக்கும் பசியில் முதல் பத்து நிமிடங்களில் என்ன சாப்பிட்டோம் என்பதே தெரியாது.

வழக்கமான நேரத்தில் இரண்டு இட்லி, சாம்பார் அல்லது ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் பட்டினியோடு போகவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும் ஆபத்து உண்டு. மருந்து நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் எப்படிப் பொருத்துவது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலையின் மேல் பாதியில் தொடங்குங்கள்!

நம் வாழை இலையின் அமைப்பே பாதி வேலையைச் செய்து தருகிறது. மேல் பாதியில் கூட்டு, பொரியல், அவியல், பச்சடி. கீழ்ப் பாதியில் சோறு. சோறு வருவதற்கு முன்பே மேல் பாதியில் பாதியைக் காலி செய்துவிடுங்கள்.

அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், நீரிழிவும் பருமனும் கொண்ட 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு வரிசைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கணிசமாகக் குறைவாக ஏறியது. உணவு அதேதான், வரிசைதான் வேறு.

சைவப் பந்தியில்: சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் சோறு வரும். முதலில் வாங்கிய சோற்றையே பிரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். பாயசமா, ஜாங்கிரியா, ஐஸ்க்ரீமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை ரசித்துச் சாப்பிடுங்கள்.

பிரியாணிப் பந்தியில்: கறித்துண்டு, முட்டை, வெங்காயப் பச்சடி, கத்திரிக்காய் என்று ஆரம்பித்துவிட்டு அரிசிக்கு வாருங்கள். வெறும் சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. அதில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால் சுமார் 120 கலோரி கூடிவிடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து சுமார் 27 கிராம் போதும் என்கிறது. விருந்துச் சாப்பாடு ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடும்.

கூழ் வார்க்கும் நாளில்: கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் எல்லாமே நல்ல உணவுதான். இரண்டாவது சொம்பில்தான் கணக்கு மாறும். கருவாட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்பதால், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

‘இன்னாம்மா இப்படி இளைச்சுட்ட, சுகரா?’

சாப்பாட்டைவிடக் கடினமான பகுதி இதுதான். நம் ஊரில் எடை கூடினால் ‘குண்டாயிட்டியே’ என்பார்கள். குறைந்தால் ‘உடம்புக்கு என்னாச்சு?’ என்று கவலைப்படுவார்கள். பத்துக் கிலோ குறைத்த ஒருவருக்குப் பாராட்டுக்குப் பதிலாக அனுதாபம்தான் கிடைக்கும். அந்த அனுதாபத்தோடு இலையில் ஒரு கரண்டி கூடுதலாகவும் விழும்.

இங்கே ‘நான் டயட்ல இருக்கேன்’ என்று அறிவிப்பது பெரும்பாலும் எடுபடாது. அது ஒரு விவாதத்தைத் தொடங்கிவைக்கும். ‘ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்று நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். அதைவிட, ‘குழம்பு பிரமாதம் பெரிம்மா, வயிறு நெறைஞ்சிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு காபி மட்டும் குடுங்க’ என்பது வேலை செய்யும். அவர்கள் கொடுக்க நினைப்பது சோற்றை மட்டுமல்ல, அன்பையும்தான். அன்பை வாங்கிக்கொண்டு அளவை மட்டும் நீங்கள் முடிவு செய்யலாம்.

பரிமாறுபவரைப் பார்த்ததும் இலைக்கு மேல் கையை நீட்டுவது பழைய முறை. இப்போதும் அதுதான் சிறந்தது. கரண்டி சாய்ந்த பிறகு நீட்டினால் பயனில்லை, முன்னாலேயே நீட்ட வேண்டும்.

கடைசிப் பந்திப் பெண்கள்

எடைக் குறைப்புக் குறிப்புகள் எல்லாம் விருந்தாளிகளுக்குத்தான் எழுதப்படுகின்றன. விசேஷத்தை நடத்தும் வீட்டுப் பெண்களின் நிலைமை வேறு. விடியற்காலையிலிருந்து உப்பு பார்க்க ஒரு வாய், காரம் பார்க்க ஒரு வாய், நடுவில் நான்கு காபி. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு நான்கு மணிக்கு, ஆறிப்போன சோற்றோடு உட்காரும்போது உடம்பு களைத்திருக்கும். பாத்திரத்தில் மிஞ்சியதை ‘வீணாப் போகுதே’ என்று சாப்பிடுவதும் அவர்கள்தான். விசேஷம் ஒரு நாள் என்றால், மிச்சம் மூன்று நாள்.

இதற்குத் தீர்வு அவர்கள் கையில் மட்டும் இல்லை, குடும்பத்தின் கையில் இருக்கிறது. வீட்டுப் பெண்களில் இரண்டு பேரையாவது முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். ஆண்கள் கரண்டியைப் பிடியுங்கள். மிஞ்சியதை அன்று மாலையே டப்பாக்களில் போட்டு அக்கம்பக்கத்துக்கும், வேலை செய்தவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். பரிமாறும்போது, ‘வைக்கட்டுமா?’ என்று கேட்டு வைப்பதை வழக்கமாக்குங்கள். எறியும் இலையில் உணவு மிஞ்சுவதும் குறையும்.

மறுநாள் மெஷின் சொல்லும் பொய்

விருந்துக்கு மறுநாள் காலை எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். ஆனால், அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். விருந்தில் 1,000 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருந்தால்கூட அது 130 கிராம் அளவுதான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் தண்ணீர் எடை சில நாள்களில் இறங்கிவிடும்.

உண்மையான ஆபத்து, ‘ஆனது ஆச்சு, இனி தை மாசத்துல பார்த்துக்கலாம்’ என்ற நினைப்பு. 1975-ல் வெளியான ஹெர்மன், மேக் ஆய்வில், டயட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்க்ரீமை முன்னால் வைத்தார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்க்ரீம் சாப்பிட்டார்கள். ‘விரதம் கலைந்துவிட்டது’ என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

ஒரு நாள் விருந்து யாரையும் குண்டாக்காது. திரும்பாத பழக்கம்தான் குண்டாக்கும். அமெரிக்காவில் 195 பேரைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஆய்வில், ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் சராசரியாக 0.37 கிலோதான் கூடியது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால், கோடைக்குள் அது இறங்கவில்லை. வருடத்துக்கு வருடம் அடுக்கிக்கொண்டே போனால் பத்து ஆண்டுகளில் என்ன ஆகும் என்று பாருங்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு நல்ல செய்தி ஒன்றைச் சொல்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு பிரிவினரை வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார்கள். சில எளிய குறிப்புகளும், ஒவ்வொரு பண்டிகைப் பலகாரத்தையும் எரிக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். அவர்களுக்கு எடை ஏறவில்லை. மற்ற பிரிவினருக்கு சராசரியாக 0.37 கிலோ கூடியிருந்தது. யாரும் பட்டினி கிடக்கவில்லை; கவனித்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆடிக்கு ஐந்து விஷயங்கள்

1. காலை உணவைத் தவிர்க்காதீர்கள், தூங்காமல் போகாதீர்கள்.

2. காய், கறி முதலில், சோறு பிறகு. இனிப்பில் ஒன்று மட்டும்.

3. சாப்பிட்டதும் நாற்காலியில் சாயாமல், உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நடங்கள். விட்டுப்போன கதைகளையும் பேசலாம், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும்.

4. வாரம் இரண்டு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்து காலண்டரில் எழுதுங்கள்.

5. விருந்துக்கு அடுத்த வேளையே பழைய பழக்கத்துக்குத் திரும்புங்கள். ‘தண்டனை’யாகப் பட்டினி வேண்டாம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் பேசுவது மூலிகைகளை அல்ல, முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு பசித்து, அளவறிந்து சாப்பிடுவதைத்தான். அடுத்த பத்திரிகை வீட்டுக்கு வந்தால் சந்தோஷமாகக் கிளம்புங்கள். மொய் எழுதுங்கள், இலையில் உட்காருங்கள், ருசித்துச் சாப்பிடுங்கள். கை நீட்ட வேண்டிய நேரத்தில் மட்டும் மறக்காமல் நீட்டிவிடுங்கள்.