ஆவடி ஃபேக்டரில வேலை கிடைச்சாச்சா? பைக் லோன் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

பொம்மிடி, மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஐடிஐ முடிச்ச பசங்க நிறைய பேர் ஆவடிக்கு அப்ளை பண்றாங்க. சிலருக்கு அப்ரண்டிஸ், சிலருக்கு கான்ட்ராக்ட், கொஞ்சம் பேருக்கு பர்மனென்ட். வேலை கிடைச்ச கையோட எல்லாரும் செய்யற முதல் காரியம் ஒண்ணு இருக்கு: பைக் ஷோரூம் போறது. "தினமும் வேலைக்குப் போகணும்ல சார், வண்டி இல்லாம எப்படி?" கேள்வி நியாயமானதுதான். ஆனா அந்தக் கேள்விக்கு பதில் ஷோரூம்ல கிடைக்காது, ஒரு பேப்பர், பேனா எடுத்தா கிடைக்கும்.

முதல்ல ஆவடின்னா என்னன்னு தெரிஞ்சுக்கலாம். 1961-ல ஆரம்பிச்ச கனரக வாகனத் தொழிற்சாலை அங்கதான் இருக்கு. 1965-ல விஜயந்தா டாங்கி வெளிய வந்தது அங்கேருந்துதான். இன்னைக்கு அர்ஜுன், டி-90 பீஷ்மா எல்லாம் அங்க. பக்கத்துலயே என்ஜின் ஃபேக்டரி, ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கிற ஆர்ட்னன்ஸ் க்ளோதிங் ஃபேக்டரி, டாங்கி ஆராய்ச்சி பண்ற சிவிஆர்டிஇ, விமானப்படை நிலையம். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனியாப் பிரிச்சப்ப, டாங்கி, என்ஜின் ரெண்டும் ஏவிஎன்எல்-னு ஒரு கம்பெனிக்குப் போச்சு. க்ளோதிங் ஃபேக்டரி வேற கம்பெனிக்குப் போச்சு. இதை எதுக்கு சொல்றேன்னா, "ஆவடில வேலை"ன்னு ஒரே வார்த்தையில சொன்னாலும் உங்க சம்பள ஸ்லிப் எந்த வகைன்றதைப் பொறுத்துதான் பயணக் கணக்கே மாறும்.

இன்னொண்ணு, இடம் ரொம்பப் பெருசு. ஸ்டேஷன்ல இறங்கிட்டா வேலை இடம் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆஃபர் லெட்டர் வந்ததும் "எந்த கேட், எந்த ஷாப், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு" இந்த மூணையும் கேட்டுட்டு அப்புறம் வீடு தேடுங்க. நிறைய பேர் தலைகீழா செய்யறாங்க. வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறமா கேட் எங்கன்னு தேடுறாங்க.

சரி, கணக்குக்கு வருவோம்.

திருவள்ளூர்ல வாடகை குறைவுன்னு அங்க ரூம் எடுக்கறீங்கன்னு வெச்சுக்கலாம். ஆவடிக்கு சுமார் 20 கிலோமீட்டர். போக வர 40, மாசத்துக்கு 25 நாள், ஆக மொத்தம் 1,000 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 குடுக்கும்னா 22 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னு ரவுண்டா போட்டா 2,200. ஒரு லட்சம் லோன், 12% வட்டி, மூணு வருஷம்னா இஎம்ஐ 3,321. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் மாசம் 600 ஒதுக்குங்க. மொத்தம் 6,100 ரூபாய் சொச்சம்.

இப்ப ரயில். பொம்மிடில இருந்து சேலத்துக்கு தினமும் போய் வர்றவங்க வீட்ல இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, சீசன் டிக்கெட்டோட அருமை அவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டாம் வகுப்பு மாச சீசனுக்கு ரயில்வே வாங்கறது தோராயமா 15 ஒருவழி டிக்கெட் காசுதான். நீங்க 25 நாள் போய் வந்தா 50 தடவை பயணம் பண்றீங்க, குடுக்கறது 15-க்கு. 2014 ஜூன்ல இதை 30 டிக்கெட் காசா ஏத்தறோம்னு அறிவிச்சாங்க. மும்பையில பெரிய எதிர்ப்பு கிளம்பி, சில நாள்லயே வாபஸ் வாங்கினாங்க. அதனால அந்த 15 கணக்கு அப்படியே நிக்குது. ஒருவழி டிக்கெட் 10 ரூபாய்னு வெச்சாலும் மாச சீசன் 150 ரூபாய் கிட்டத்தான் வரும். மூணு மாசத்துக்கு சேர்த்து எடுத்தா 2.7 மாசக் காசு.

ஆனா இங்க ஒரு விஷயம். ரயில் செலவை மட்டும் சொல்லி "பாருங்க எவ்ளோ சீப்பு"ன்னு முடிச்சா அது ஏமாத்து வேலை. காசு போறது ரயில்ல இல்ல, ஸ்டேஷன்லேருந்து கேட் வரைக்கும் போற அந்த ரெண்டு மூணு கிலோமீட்டர்ல. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தடவை 20 ரூபாய்னா மாசம் 1,000 ரூபாய். சீசனை விட ஆறு, ஏழு மடங்கு! தனி ஆட்டோ பிடிக்கிற பழக்கம் வந்துட்டா பைக்கே தேவலை. இதுக்கு நான் சொல்ற வழி பழசுதான்: ஆவடி ஸ்டேஷன்ல ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் போட்டு வைங்க. பார்க்கிங் காசு போக மீதி எல்லாம் மிச்சம். சென்னையிலேருந்து பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரைக்கும் போற லோக்கல்களும் இருக்கு. பேரைப் பார்த்தாலே தெரியும், ராணுவ வேலைக்காகப் போட்ட லைன். எண்ணிக்கை கம்மி. உங்க ஷிஃப்டுக்கும் கேட்டுக்கும் ஒத்து வந்தா அதிர்ஷ்டம். டைம்டேபிள் பார்த்துக்குங்க.

ஆக ஷேர் ஆட்டோவோட சேர்த்தே 1,150 ரூபாய். பைக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் மாசம் கிட்டத்தட்ட 5,000. மூணு வருஷத்துக்கு அசல் மட்டுமே 1,80,000. பேங்க்ல 36 மாச ஆர்டியா போடுங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி அஞ்சு வருஷத்துக்கானது. மூணு வருஷம் முடிஞ்சு நடுவுல க்ளோஸ் பண்ணா சேவிங்ஸ் வட்டிதான் குடுப்பாங்க, அதனால இந்தக் காரியத்துக்கு அது வேண்டாம். மூணு வருஷம் கழிச்சு அதே பைக்கை ரொக்கமா வாங்கினாலும் கையில மீதி இருக்கும்.

"ரயில் கூட்டமா இருக்குமே?" இருக்கும். ஆனா எந்தப் பக்கம் வீடு எடுக்கறீங்கன்றதைப் பொறுத்தது. காலையில திருவள்ளூர், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, திருநின்றவூர் எல்லாமே சென்னையைப் பார்த்துப் போற கூட்டம். ஆவடிக்கு வர்றப்ப இறங்கறதுக்கே முட்டி மோதணும். அதுவே நீங்க கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் பக்கம் தங்கினா காலையில கூட்டத்துக்கு எதிர்த்திசை, உக்காந்து போகலாம். வாடகை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் வாடகை எவ்ளோ, தினமும் மிச்சமாகிற நேரம் எவ்ளோன்னு பாருங்க. நைட் ஷிஃப்ட் பண்றவங்களுக்கு அந்த நேரம் தூக்கம், சும்மா விடக் கூடாது. பைக்ல போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், சிடிஎச் ரோடு காலை ஏழரை மணிக்கு உங்க மைலேஜைப் பத்திக் கவலைப்படாது.

பஸ்ஸைப் பொறுத்தவரை, பெண்களுக்கு சாதாரண கட்டண பஸ்ஸுல 2021 மே மாசத்துலேருந்து டிக்கெட்டே கிடையாது. அதனால ஃபேக்டரிக்குப் போற பெண்கள் ஸ்டேஷன்-கேட் தூரத்துக்கு முதல்ல அந்த பஸ் ரூட்டைத்தான் பாக்கணும். மத்தவங்களுக்கு எம்டிசியோட 1,000 ரூபாய் மாச பாஸ் (ஏசி பஸ் சேராது) தினமும் ரெண்டு மூணு பஸ் மாறுறவங்களுக்குத்தான் லாபம்.

இப்ப சம்பள ஸ்லிப். நீங்க மத்திய அரசு ஊழியரா இருந்தா (சிவிஆர்டிஇ, விமானப்படை சிவிலியன், பழைய ஃபேக்டரி ஊழியரா இருந்து ஏவிஎன்எல்-க்கு டெபுடேஷன்ல இருக்கறவங்க) உங்களுக்கு டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ் உண்டு. சென்னை பெரிய நகரப் பட்டியல்ல வருது, அதனால லெவல் 3-லேருந்து 8 வரைக்கும் 3,600 ரூபாய், அதுமேல டிஏ. 2025 ஜூலையில டிஏ 58%-ஆ இருந்துச்சு. அந்தக் கணக்குல 5,688 ரூபாய். இது பில் காட்டி வாங்கற காசு இல்ல. நீங்க 6,100 செலவு பண்ணாலும் 5,688, சீசன்ல 1,150-க்குப் போனாலும் அதே 5,688. அமெரிக்காவுல ராணுவத்துல வேலை பாக்கற சிவிலியன்களுக்கும் பயண உதவி இருக்கு, 2025-ல மாசம் 325 டாலர் வரைக்கும் வரி இல்லாம. ஆனா அது பஸ், ரயில், வேன்ல போனா மட்டும், உண்மையான செலவு அளவுக்குத்தான். நம்ம ஊர்ல மிச்சம் பண்ணா மிச்சம் உங்களுக்கு. ரெண்டு எச்சரிக்கை: மாற்றுத்திறனாளிகளைத் தவிர மத்தவங்களுக்கு இந்த அலவன்ஸுக்கு வரி உண்டு (பழைய 1,600 ரூபாய் விலக்கு 2018-ல ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்ல கரைஞ்சு போச்சு). காலண்டர் மாசம் முழுக்க லீவ்ல இருந்தா அந்த மாசம் கிடையாது.

குவார்ட்டர்ஸ் கிடைச்சா? எல்லாரும் "ஓசி வீடு"ன்னு நினைக்கறாங்க. பேசிக் 21,700-ன்னா 30% எச்ஆர்ஏ 6,510 ரூபாய் கட் ஆகும். அதான் உங்க உண்மையான வாடகை. ஆனா நடந்து வேலைக்குப் போகலாம், பயணச் செலவு பூஜ்யம். குடும்பத்தோட இருக்கறவங்களுக்கு என் ஓட்டு குவார்ட்டர்ஸுக்குத்தான். நாலு பேர் சேர்ந்து ரூம் எடுக்கற பேச்சிலருக்கு வெளிய தங்கறதுதான் லாபம்.

கான்ட்ராக்ட்ல போறவங்களுக்கு இந்த அலவன்ஸ் எதுவும் தானா வராது. அவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரையே முக்கியம், ஏன்னா 15,000 சம்பளத்துல 6,100 வண்டிக்குப் போனா மீதி என்ன இருக்கு? அவங்க கவனிக்க வேண்டியது இஎஸ்ஐ. சம்பளம் 21,000 வரைக்கும் இருந்தா 0.75% பிடிப்பாங்க. ஸ்லிப்புல அந்த வரி இருக்கான்னு பாருங்க. 2010-ல சட்டத்துல ஒரு திருத்தம் வந்தது: வீட்லேருந்து வேலைக்குப் போறப்பவோ திரும்பி வர்றப்பவோ விபத்து நடந்தா, அந்த நேரம், இடம், சூழ்நிலை வேலையோட சம்பந்தப்பட்டதுன்னு நிரூபிச்சா, அது வேலையில நடந்த விபத்தாவே எடுத்துக்கணும். அதனால சீசன் டிக்கெட், வருகைப் பதிவு, ஷிஃப்ட் நேரம் இதெல்லாம் வெறும் பேப்பர் இல்ல, ஃபோன்ல போட்டோ எடுத்து வைங்க.

சேர்ந்து போறது நல்ல வழி, ஆனா ஜாக்கிரதையா பண்ணணும். வாஷிங்டன் பக்கத்துல பென்டகனுக்குப் போற ஊழியர்கள் 1970-கள்லேருந்து ஒண்ணு பண்றாங்க. கார்ல மூணு பேர் இருந்தாதான் வேகமான தனி லேன்ல போக முடியும், அதனால வண்டிக்காரர் வரிசையில நிக்கற முன்பின் தெரியாதவங்களை ஓசியாவே ஏத்திக்குவார். காசு கைமாறாது. நம்ம ஊருக்கும் அந்தக் காசு கைமாறாத பகுதிதான் பாடம். வெள்ளை போர்டு வண்டில ஆளுக்கு இவ்ளோன்னு வாங்கினா அது வாடகை வண்டி ஓட்டறதா ஆகிடும், பிரைவேட் கார் பாலிசி அதை ஏத்துக்காது. நாலு பேர்கிட்ட கார் இருந்தா வாரம் ஒருத்தர் வண்டின்னு முறை வைங்க.

பைக்ல ரெண்டு பேரா போறவங்க கண்டிப்பா இதைப் படிங்க. தேர்டு பார்ட்டி மட்டும் இருக்கற பாலிசில பின்னாடி உக்காந்து வர்றவருக்கு கவர் கிடையாது. அந்த 15 லட்சம் பர்சனல் ஆக்ஸிடென்ட் கவர் ஓட்டற ஓனருக்குத்தான். ஃப்ரெண்டை தினமும் ஏத்திக்கிட்டுப் போறீங்கன்னா காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்து, பில்லியனுக்கான பர்சனல் ஆக்ஸிடென்ட் கவரையும் சேர்க்கச் சொல்லுங்க.

கடைசியா ஊருக்கு வர்ற செலவு. பொம்மிடி சென்னையிலேருந்து 150 கிலோமீட்டருக்கு மேல, அதனால சீசன் கிடையாது. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பொம்மிடில நிக்குது. ஞாயிறு ராத்திரி ஏறினா விடியறதுக்குள்ள சென்னை, ஸ்லீப்பருக்கு 200-லேருந்து 250 ரூபாய்க்குள்ள. அங்கேருந்து திரும்ப லோக்கல் பிடிச்சு ஆவடி. இதே தூரத்தை பைக்ல ராத்திரி முழுக்க ஓட்டி, தூங்காம திங்கக்கிழமை மெஷின் முன்னாடி நிக்கற பசங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். 2024 நவம்பர்லேருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. பொங்கல், தீபாவளிக்கு அந்த 60-வது நாளை காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வைங்க. சீசனை மட்டும் முடியறதுக்கு பத்து நாள் முன்னாடியே புதுப்பிக்கலாம், ஒண்ணாம் தேதி காலையில கவுண்டர்ல நிக்க வேண்டியதில்ல.