புள்ளி சரி, பாதை சரிதானா?

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூர் வழியாகக் கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளின் கார், செல்போன் காட்டிய ‘வேகமான வழி’யை நம்பித் திரும்பி, செங்குத்தான படிக்கட்டில் போய் நின்றது. அக்கம்பக்கத்தினரும் போலீஸாரும் சேர்ந்து காரை மீட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே இன்னொரு கார், முன்பே வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தில் ஏறியது. ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். செல்போனில் அந்தப் பாலம் முழுசாக இருந்தது.

இந்த இரண்டு சம்பவங்களும் தேனி மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நேரடியான எச்சரிக்கை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே கேரள எல்லையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலை; கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். தப்பான திருப்பம் ஒன்று எடுத்தால், வண்டியைத் திருப்பவே இடமில்லாத ஊர் இது.

ஜிபிஎஸ்ஸுக்கு ரோடு தெரியாது

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் அணுக் கடிகாரத்தின் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. சிக்னல் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, செல்போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். திறந்த வானத்தின் கீழ் பிழை ஐந்து மீட்டர் அளவில்தான் இருக்கும்.

ஜிபிஎஸ்ஸின் வேலை அத்தோடு முடிந்தது. திரையில் நம்மைக் காட்டும் புள்ளிக்குக் கீழே தெரியும் சாலையை வரைந்தது வேறு யாரோ. விமானப் படங்கள், செயற்கைக்கோள் படங்கள், அரசுத் தரவுகள், பயனர்களின் திருத்தங்கள் எல்லாம் கலந்து உருவானது அது. எந்த வழி குறைந்த நேரம் என்று தேர்ந்தெடுப்பது ஒரு கணித நிரல். தேயிலை எஸ்டேட்டுக்குள் ஜீப் மட்டுமே ஏறக்கூடிய தடமும், போன வாரம் மண் சரிந்து மூடிய சாலையும் தரவில் சரியாகப் பதிவாகாவிட்டால், நிரலுக்கு அவையும் சாலைகள்தான்.

மலைக்கு வந்தால் புள்ளியே தடுமாறும். பாறைச் சுவர்கள் வானத்தின் ஒரு பகுதியை மறைப்பதால் கிடைக்கும் செயற்கைக்கோள்கள் குறையும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் தாமதமாக வருவதால் தூரக் கணக்கு பிசகும். போடிமெட்டு மலைச்சாலையைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் மேல்சாலையும் கீழ்ச்சாலையும் படத்தில் சில மீட்டர் இடைவெளியில் கிடக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் பிழை வந்தாலே, நீங்கள் கீழ்ச்சாலையில் இருக்கும்போது மேல்சாலையில் இருப்பதாக செல்போன் காட்டும். எந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறது என்பதும் மாறிவிடும்.

மலையில் பக்கம் வேறு, வழி வேறு

போடியை அடுத்த குரங்கணியையும் அதற்கு மேலே உள்ள டாப் ஸ்டேஷனையும் எடுத்துக்கொள்வோம். மூணாறு தேயிலையை இறக்க ஒரு காலத்தில் இந்தச் சரிவில் ரோப்வே ஓடியது. இன்றும் நடைபாதை உண்டு. ஆனால் காரில் போக வேண்டுமென்றால் போடிக்கு வந்து, போடிமெட்டு ஏறி, மூணாறு போய், அங்கிருந்து இன்னும் 32 கிலோமீட்டர் போக வேண்டும். தட்டையான திரையில் இரண்டு ஊரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடையில் நிற்கும் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம் அதில் தெரியாது.

காகித வரைபடத்தில் அது தெரியும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். 20 மீட்டருக்கு ஒன்றாக சம உயரக் கோடுகள் ஓடும். கோடுகள் விலகியிருந்தால் சமவெளி, நெருங்கினால் செங்குத்து. தேனியும் போடியும் ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையிலேயே இருப்பதால், 58 எஃப், 58 ஜி என்ற இரண்டு வரைபடத் தொகுதிகள் இந்த மாவட்டத்தில்தான் சந்திக்கின்றன. மலை ஏறுகிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்கு ஜிபிஎஸ் காரணமில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பாடம் நம் பொருளுக்குப் பொருந்தும். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். ஆபத்து வரும்போது எந்தப் பக்கம் சரிவு, எந்தப் பக்கம் ஓடை, எங்கே வெட்டவெளி என்பது முன்கூட்டியே மனதில் பதிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் டவர் கிடைக்குமா, சார்ஜ் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வரைபடத்திலும் இல்லாத விஷயங்கள் உண்டு. சபரிமலை சீசனில் நெரிசலைத் தவிர்க்க, ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏறவும் குமுளி வழியாக இறங்கவும் போலீஸார் ஒருவழிப்பாதையாக மாற்றுவது வழக்கம். செல்போன் நேராகக் குமுளியைக் காட்டலாம். மேகமலை சாலையில் இரவுப் பயணத்துக்கு வனத்துறை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தென்பழனி சோதனைச் சாவடியில் நிற்பவர் சொல்வதுதான் அங்கே கடைசி வார்த்தை.

மூளை மறக்கும் வேலை

வழியறியும் திறன் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைச் சார்ந்தது. அங்கே இடத்தை உணரும் செல்களைக் கண்டறிந்த ஜான் ஓ’கீஃபுக்கு, மோசர் தம்பதியோடு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 2017இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் காட்டப்பட்ட சோஹோ பகுதித் தெருக்களில் பங்கேற்பாளர்கள் தாங்களாகவே வழி தேடியபோது, புதிய தெருவில் நுழையும் நேரத்தில் ஹிப்போகேம்பஸ் துடிப்பாக இயங்கியது. கருவி சொன்னபடி போனபோது அந்தத் துடிப்பு இல்லை. கனடாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தி வந்த ஓட்டுநர்களின் இட நினைவாற்றல் குறைவாக இருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 50 பேர்தான் என்றாலும், ஒதுக்கித் தள்ளக்கூடிய முடிவு அல்ல.

அதற்காக ஜிபிஎஸ்ஸை ஒதுக்கிவிட முடியாது; காகித வரைபடமும் பழசாகும். புதிய புறவழிச்சாலை அதில் இருக்காது. நாம் எங்கே நிற்கிறோம் என்றும் சொல்லாது. இரண்டும் வேண்டும். வரைபடத்தில் முழு வழியையும் பார்த்து முடிவெடுங்கள். அந்த வழியில்தான் போகிறோமா என்று சரிபார்க்க ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

மலையேறும் முன், தேனியிலோ கம்பத்திலோ சிக்னல் இருக்கும்போதே ஆஃப்லைன் வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் தட்டாமல் மாவட்டத்தையும் சேர்த்துத் தட்டுங்கள்; தேனியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. நில அளவைத் துறையின் இணையதளத்தில் வரைபடத்தை எடுத்து அச்சிட்டு வண்டியில் வையுங்கள். பிள்ளைகளை அதைப் படிக்கப் பழக்குங்கள். சாலை குறுகி, தார் மறைந்து, செல்போன் மட்டும் ‘நேராகப் போ’ என்றால், வண்டியை நிறுத்தி அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் “இது வழியில்லை” என்று சொன்னால், திரும்பிவிடுங்கள்.