அரை யூனிட்டில் ஓர் இமயக் கணவாய்

வீட்டு மின்விசிறி ஏழு மணி நேரம் சுற்றினால் மீட்டரில் ஏறத்தாழ அரை யூனிட் ஓடும். இரவு படுக்கும்போது போட்டு விடியற்காலையில் அணைப்பதற்குள் தீர்ந்துவிடுகிற மின்சாரம் அது. அந்த அரை யூனிட் ஆற்றலைக் கொண்டு ஒரு மனிதரையும், அவருடைய சைக்கிளையும், கூடாரமும் துணிமணியும் அடைத்த மூட்டைகளையும், ஆக மொத்தம் நூறு கிலோவை, மணாலியிலிருந்து ரோதாங் கணவாய் வரை ஏற்றிவிடலாம். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோதாங் 3,978 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ முப்பது தடவை அடுக்கினால் வரும் உயரம்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அத்தனைக்கும் அரை யூனிட்!

இமாசலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் சாலை, கோடையை ஒட்டிய மாதங்களில்தான் திறந்திருக்கும். அந்த மாதங்களில் சைக்கிள் பயணிகள் பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எட்டு, பத்து நாட்களில் அதைக் கடக்கிறார்கள். 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோதாங்கின் அடியிலேயே புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், சைக்கிளுக்கு உரியது மேலே போகும் பழைய சாலைதான். சைக்கிள் என்ற கருவி எவ்வளவு நுட்பமானது என்பது ஏற்றத்தில்தான் தெரியும்.

மனிதக் கால்களுக்குப் பிடித்த தாளம் ஒன்று உண்டு: நிமிடத்துக்கு 60 முதல் 90 சுற்று. அதைவிட மெதுவாக, அழுத்தி அழுத்தி மிதித்தால் முழங்கால் கெட்டுவிடும். மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் கால் தன் தாளத்தை விடக்கூடாது. கியர் பிறந்தது இதற்காகத்தான். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 11 பற்கள் என்று செயின் ஓடினால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் நான்கு முறை சுற்றும்; சைக்கிள் எட்டு மீட்டர் தாண்டி நிற்கும். சமதளத்துக்கு இது சரி. மலையில் முன்னே 26, பின்னே 34 என்று மாற்றிக்கொண்டால் ஒரு மிதிக்கு முக்கால் சுற்றுதான்; ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். தூரம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அழுத்தமும் அதே அளவு குறைந்துவிட்டது. வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூட இராது, விறுவிறுவென்று நடப்பவர் கூடவே வந்துவிடுவார். ஆனால் நூறு கிலோ ஏறிக்கொண்டிருக்கிறது. கால் பூங்காவில் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செயினைத் தள்ளிவிடும் சிறு கருவியைத் தடமாற்றி என்று சொல்லலாம். ஓடுகிற செயினை வேண்டுமென்றே தடம்புரளச் செய்து, பக்கத்துப் பல்லில் சரியாக உட்கார வைப்பதுதான் அதன் வேலை. பிரான்சின் செந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த பால் தெ விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல கியர்களுக்காக விடாமல் எழுதி வாதாடினார். கியர் என்பது பலவீனர்களுக்கான சலுகை என்று பந்தயக்காரர்கள் நினைத்த காலம் அது. தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் தடமாற்றிக்கு அனுமதி கிடைக்க 1937 வரை ஆயிற்று. வெலோசியோ சொன்னதே சரி என்று இன்று ஒவ்வொரு மலைச்சாலையும் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

இனி எஞ்சின். தசைக்குப் போகும் உணவின் ஆற்றலில் கால்பங்கைத்தான் பெடல் பெறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். எனவே அரை யூனிட் வேலைக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் சாப்பிட வேண்டும். ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று வைத்தால், உயரம் ஏறுவதற்கு மட்டுமே முப்பத்தைந்து இட்லிக்கு மேல் ஆகும். முக்கால் பங்கு வெப்பமாகப் போவது வீண் என்று தோன்றும். ஆனால் பனி மூடிய கணவாயை நோக்கி ஒருவர் வெறும் சட்டையோடு வியர்த்துக்கொண்டு ஏற முடிவது அந்த வெப்பத்தால்தான். உச்சியைத் தொட்டு இறக்கம் தொடங்கிய மறுநிமிடம் எஞ்சின் அணைந்துவிடும், குளிர் எலும்பைப் பிடிக்கும். அனுபவசாலிகள் கம்பளிச் சட்டையை மூட்டையின் அடியில் வைப்பதில்லை.

ரோதாங்கின் வடசரிவில் கோக்சருக்கு இறங்கும்போது 800 மீட்டருக்கு மேல் உயரத்தை இழக்கிறோம். ஏற்றத்தில் சேமித்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முழுவதும் பிரேக்கிலேயே போனால், சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி, டியூபுக்குள் இருக்கும் காற்று விரிந்து, டயர் வெடித்துவிடக்கூடும். பழகியவர்கள் வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடிப்பார்கள், பிறகு முழுவதும் விட்டுவிடுவார்கள். விட்ட நேரத்தில் எதிர்க்காற்று ரிம்மை ஆற்றுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சில் மோதும் காற்றே இன்னொரு பிரேக்காக வேலை செய்கிறது. அது எவ்வளவு நேரம் பிடித்தாலும் சூடாவதில்லை.

கீழே சந்திரா நதி. இமயம் போன்ற மலையில் சைக்கிள் மிதிக்கக்கூடிய சரிவில் சாலை அமைந்ததற்கு ஆறுகளே முதல் காரணம். பாறையை அறுத்து, சரிவைத் தணித்து, லட்சக்கணக்கான ஆண்டுகள் வேலை செய்து அவை முடித்துவைத்த வழியின் ஓரமாகத்தான் பொறியாளர்கள் தார் போட்டார்கள். அதிலும் சந்திரா ஒரு விசித்திரம். இதே சாலையில் பின்னால் வரும் பாரலாச்சா கணவாயின் ஒரு பக்கம் சந்திரா பிறக்கிறது, மறுபக்கம் சூரஜ் தால் என்ற ஏரியிலிருந்து பாகா பிறக்கிறது. இரண்டும் எதிரெதிர் திசையில் மலையைச் சுற்றிவந்து தாண்டி என்ற இடத்தில் சேர்ந்து சந்திரபாகா ஆகின்றன. செனாப் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த நதி அதுதான். சைக்கிள்காரர் சந்திராவோடு இறங்கி வந்து, தாண்டியில் திரும்பி, பாகாவை எதிர்த்து அதன் பிறந்த வீடு வரை ஏறுகிறார்.

பாகாவின் பள்ளத்தாக்கில் பகல் காற்று பெரும்பாலும் அவருக்குத் துணை. வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஆற்றுவழியாக ஏறி வருகிறது. இரவில் சரிவு குளிர்ந்து காற்று திரும்பிப் பாயும். கடற்கரையில் நமக்குப் பழக்கமான கடற்காற்று, நிலக்காற்றின் மலைப் பதிப்பு இது. ஓடைகளுக்கும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. சாலையின் குறுக்கே பாயும் பனியுருகு நீர் காலையில் செருப்பை நனைக்கும் அளவுதான் இருக்கும். நண்பகல் வெயிலில் உருகிய பனி இறங்கிவர, மாலையில் அதே ஓடை முழங்காலைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் இந்தச் சாலையில் விடியலிலேயே கிளம்புகிறார்கள்.

பெரிய அதிசயம் இனிமேல்தான், அது ரத்தத்துக்குள் நடக்கிறது. உயரே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, எங்கும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் மொத்தக் காற்றே கொஞ்சம். உடல் முதல் மணி நேரத்திலேயே மூச்சை வேகப்படுத்துகிறது. அதனால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைகிறது. சிறுநீரகம் அதைக் கவனித்து, காரமான பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழித்துச் சமன் செய்கிறது. இரண்டொரு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இருக்கும் சிவப்பணுக்கள் நெருக்கமாகின்றன. அதே சிறுநீரகம் எரித்ரோபோய்டின் என்ற சுரப்பை அனுப்பி, புதிய சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடுகிறது. அந்த அணுக்கள் போதுமான அளவு வந்துசேர வாரங்கள் ஆகும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் உயரத் தகவமைவு என்று பெயர்.

இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்தச் சாலையில் வரும் தங்குமிடங்களில் கேலாங் ஏறத்தாழ 3,080 மீட்டர், சார்ச்சு 4,290. வண்டியில் போகிறவர் இந்த 1,200 மீட்டரைச் சில மணி நேரத்தில் தாண்டி, அன்றிரவு தலையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருப்பார். மிதித்துப் போகிறவரோ நடுவே ஜிஸ்பா, பட்சியோ, ஜிங்ஜிங்பார் என்று இரவுகளைச் செலவிட வேண்டிவரும், கால் அவ்வளவுதான் தாங்கும். சைக்கிளின் வேகமும் ரத்தம் மாறும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது எவ்வளவு நல்ல பொருத்தம்! ஆனாலும் இது காப்புறுதி ஆகாது. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால், உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து.

பாங் என்ற கூடார ஊரில், 4,600 மீட்டரில், தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிற பானையில் அரிசி வேகாமல் கிடக்கும். அங்கே பிரஷர் குக்கர் இல்லாமல் சமையல் இல்லை.

அதற்குமேல் தாங்லாங் லா, 5,328 மீட்டர். லா என்றால் அந்த ஊர் மொழியில் கணவாய். காற்றழுத்தம் இங்கே கடற்கரையில் இருப்பதில் பாதி. நுரையீரலைத் தவிக்கவிடும் இதே காற்று ஒரு சலுகையும் தருகிறது: அடர்த்தி நாற்பது விழுக்காடு குறைந்திருப்பதால் சைக்கிளைத் தடுக்கும் சக்தியும் அந்த அளவு குறைந்திருக்கிறது. எடி மெர்க்ஸ் 1972இல் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைக்க மெக்சிகோ நகரைத் தேர்ந்தெடுத்ததன் ரகசியம் இதுதான். அந்த நகரம் நம் ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது.

தாங்லாங் லாவிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்கில் பாறைகள் ஊதாவும் பச்சையுமாக மாறும். சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி ஒட்டிய தழும்பை நெருங்கிவிட்டோம் என்பதற்கு அடையாளம் அது. இன்றும் இந்தியா ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நகம் வளரும் வேகத்தில், வடக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்கு முடியும் உப்ஷியில் சிந்து நதி வந்து எதிர்கொள்கிறது. மணாலியில் பார்த்த பியாஸ் சட்லெஜ் வழியாக இதில்தான் சேரும். சந்திரபாகாவும் சட்லெஜோடு கலந்து இங்கேதான் வரும். சார்ச்சுவில் ஓடிய சாரப் ஆறு ஜான்ஸ்காரில் விழுந்து, லேவுக்குக் கீழே நிம்முவில் சிந்துவைத் தொடும். ரோதாங், பாரலாச்சா, நக்கீ லா, லாச்சுங் லா, தாங்லாங் லா என்று ஐந்து கணவாய்களை மூச்சிரைக்கத் தாண்டி வந்த சைக்கிள்காரர், பத்து நாட்களில் ஒரு நாள்கூட சிந்துவின் நீர்ப்பிடிப்புப் பகுதியை விட்டு வெளியே போகவில்லை.