திறக்காமலே வாசிக்கப்பட்ட எரிந்த சுவடி

சாக்கடலின் மேற்குக் கரையிலுள்ள என்கெடியில், 1970ஆம் ஆண்டு பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றை அகழ்ந்தபோது, கரிக்கட்டை போன்ற தோற்சுருள் ஒன்று கிடைத்தது. கி.பி. 600 அளவில் அவ்வூரை அழித்த தீயில் அது கருகியிருந்தது. தொட்டாலே உதிரும் நிலை. எனினும் அதனை எவரும் வீசிவிடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பேணிக் காக்கப்பட்டது.

பின்னர் அச்சுருள் ஊடுகதிர்களால் நுணுக்கமாகப் படம்பிடிக்கப்பட்டது. தோலைவிட அடர்த்தி கூடிய மை அப்படங்களில் வேறாகத் தெரிந்தது. அமெரிக்காவின் கென்ரக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ற் சீல்ஸின் குழுவினர், சுருளின் சுற்றுகளைக் கணனித் திரையிலேயே ஒவ்வொன்றாக விரித்தனர். 2015இல் எழுத்துகள் வெளிப்பட்டன. அவை விவிலியத்தின் லேவியராகமத் தொடக்க வசனங்கள்.

மாறாக, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையாற் கருகிய ஹேர்குலேனியம் சுருள்கள் பல, 18ஆம் நூற்றாண்டில் வலிந்து பிரிக்கப்பட்டமையாற் சிதைந்தன.

முற்றாகச் சாம்பலானவற்றை எக்கருவியும் மீட்காது. 1981இல் யாழ். பொது நூலகத்தோடு எரிந்துபோன ஏட்டுச்சுவடிகள் இனி மீளா. ஆகவே நம்மவர் வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியுள்ள ஏடுகளை, வாசிக்க இயலாதவை என்றெண்ணி எறிந்துவிடலாகாது. வலிந்து பிரிக்கவும் கூடாது. அவற்றை வாசிக்கும் வழி நாளை பிறக்கலாம்.