வீட்டுச் சிறு கலப்பு நாயும் அதன் பராமரிப்பும்

களத்துக்கும் பட்டிக்கும் காவலாக நாட்டு நாயை வளர்ப்பது குடியானவர்களின் பழைய வழக்கம். அதனுடன்கூட, அடர்ந்த ரோமமும் முதுகின்மேல் சுருண்ட வாலும் உடைய சிறு நாயொன்றைத் திண்ணையிலும் கூடத்திலும் வளர்ப்பது இப்பொழுது கிராமங்களிலும் பரவியிருக்கிறது. இது பெரும்பாலும் ஸ்பிட்ஸ் என்னும் ஜாதிக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்த கலப்பாகும். நம் நாட்டில் பொமரேனியன் என்று சொல்லி விற்கப்படுபவற்றிலும் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸே.

கலப்பு நாயின் குணத்தையும் வளர்ச்சியையும் முன்கூட்டி நிச்சயித்தல் இயலாது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று தாயைப்போலவும் மற்றொன்று நாட்டு நாயைப்போலவும் இருக்கும். ஒரே ஈற்றுக்கு இரு கடுவன்கள் தகப்பன்களாக இருத்தலும் உண்டு. ஆகவே, தரகர் சொல்லும் ஜாதிப் பெயருக்குப் பணம் கொடுப்பதினும், தாய் நாயை நேரில் கண்டு அதன் சாந்தத்தையும் தேக நிலையையும் கவனித்தல் நலம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்று பிரித்தலாகாது.

இந்நாய்களுக்குக் காது மிகக் கூர்மை. வீட்டில் ஒருவரிடம் மிகுந்த பற்றுக் கொள்ளும். அயலாரைக் கண்டால் விடாமல் குரைக்கும். சீண்டினால் சட்டென்று கவ்வும் ஆதலால், சிறு குழந்தைகளுடன் தனியே விடலாகாது. ரோமம் இரண்டடுக்காக இருப்பின், வெயிலுக்கு அஞ்சி அதை ஒட்டச் சிரைத்து விடுகிறார்கள். இது தவறு. அந்த ரோமமே தோலை வெயிலினின்று காப்பது. அடிக்கடி சீவி உதிர்ந்த மயிரை நீக்கி, நிழலும் நீரும் கொடுத்தால் போதும். வாய் சிறிதானதால் பற்கள் நெருங்கி நிற்கும். பால்பல் விழாமல் தங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. பெட்டையைப் பெரிய கடுவனுடன் சேரவிடின், சுமார் 63 நாள் கழித்துக் குட்டி ஈனுகையில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பண்ணை வீட்டில் இச்சிறு நாய்க்குப் பெரிய சத்துரு விஷமே. உடல் சிறிதாகையால் சொற்ப அளவே கொன்றுவிடும். எலி மருந்தைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பர். ஆமணக்குப் பிண்ணாக்கைப் பற்றி நினைப்பவர் சிலரே. எருவுக்காக வாங்கி மூலையில் வைத்த மூட்டையை, முக்கியமாக எலும்புத் தூள் கலந்திருந்தால், நாய் விரும்பித் தின்னும். சில மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தியும் ரத்தக் கழிச்சலும் காணும். இவ்விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. பிண்ணாக்கிட்ட பாத்தியை உடனே மண்ணால் மூடுக. உண்ணி போகவேண்டிப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின்மேல் பூசுவதும் அடியோடு விலக்கத்தக்கது. வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு ரத்தத்தைக் கெடுக்கும். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ளாரைப்போலத் திராட்சைத் தோட்டம் உடையோர், உதிர்ந்த பழத்தை நாய் தின்னாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

இவை யாவற்றினும் முக்கியமானது வெறிநோய்த் தடுப்பு. “வீட்டை விட்டு வெளியே போகாத நாய், அதற்கு ஊசி எதற்கு?” என்று கேட்பவர் பலர். வாசலில் ஒரு தெருநாயுடன் ஒரு கணம் சண்டையிட்டாலும் போதுமே! மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போடுவித்தல் அவசியம்.

குட்டி நாயின் பல் பட்டதைச் சிராய்ப்பென்று அலட்சியம் செய்வதும் பெரும் பிழை. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி முதலியவற்றை அப்புதல் கூடாது. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிப்பது சரியே. ஆனால் அதன் முடிவு தெரியும்வரை மனிதருக்குரிய ஊசியைத் தாமதிக்கலாகாது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், ஊசியுடன் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் உண்டா என்று கேட்டுப் பெறுக. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது.

1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. பிற்காலத்தில் நெடுநாள், ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் பல நாள் குத்துவது வழக்கமாயிருந்தது. அந்நினைவால் இன்றும் சிலர் ஊசிக்கு அஞ்சி ஒளிகின்றனர். அம்மருந்து இந்தியாவில் 2005ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. இப்பொழுதைய ஊசி மேற்கையில் சில தவணைகளில் போடப்படுகிறது என்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துச் சொல்வது உபகாரமாகும்.

செப்டம்பர் 28ஆம் தேதி உலக வெறிநோய் தினமாகக் கொள்ளப்படுகிறது. அதையொட்டி ஊராட்சியார் கால்நடை மருத்துவரை முன்னதாகவே கண்டு, ஊரில் ஒரு நாள் குறித்து, தண்டோரா போடுவித்து, காவல் நாய்களுடன் இச்சிறு நாய்களையும் கயிற்றில் பிடித்துவரச் செய்யலாம். எந்நாய்க்கு எந்நாளில் ஊசி போடப்பட்டதென்று வீட்டு வாரியாக ஒரு ஜாபிதா எழுதி வைத்தால், மறு ஆண்டு விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க எளிதாயிருக்கும்.