கடைசல் யந்திரத்தில் உளிதாங்கி: தேர்வும் பராமரிப்பும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டியவை. முன்னதில் சித்தூர் வட்டாரத்திலும், பின்னதில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். தொழில் முறையில் இவ்விரு பகுதிகளும் வேறுபட்டவை. பாலக்காட்டுக் கணவாயில் உள்ள கஞ்சிக்கோடு பெரியதொரு தொழிற்பேட்டை. இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு வால்வுத் தொழிற்சாலை இங்கு 1974-இல் தொடங்கப்பெற்றது. இடுக்கி மலைகளிலோ தேயிலைத் தொழிற்சாலைகளே முதன்மையானவை. எனினும் வால்வின் தண்டும், தேயிலையை உருட்டும் யந்திரத்தின் சுழல்தண்டும் கடைசல் யந்திரத்திலேயே உருப்பெறுகின்றன.

பறித்த கொழுந்து காத்திராது. வாடவைத்த இலையை உரிய காலத்தில் உருட்டாவிடில் அதன் தரம் கெடும். ஆகவே மலைப்பட்டறையில் பழுது பார்க்கப்படும் ஒரு தண்டு அளவு தவறுமாயின், நஷ்டம் பட்டறையோடு நிற்பதில்லை. கொழுந்து பறித்தவரின் ஒரு நாள் உழைப்பும் வீணாகிறது. அளவு தவறுவதற்கு யந்திரத்தையும் உளியையும் குறை கூறுவது வழக்கம். ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் உளிதாங்கியே பலமுறை காரணமாயிருக்கிறது.

உளியும் தாங்கியும்

1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் டெய்லர், ஒயிட் என்பவர்கள் அதிவேக எஃகு உளிகளை உருவாக்கினர். பின்னர் 1927-இல் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் ‘விடியா’ என்னும் பெயரில் டங்ஸ்டன் கார்பைடை விற்பனைக்குக் கொணர்ந்தது. கார்பைடு மிகக் கடினமானது. ஆனால் அதிர்வைப் பொறாது. எனவே அதனைத் தாங்கும் பொருளின் உறுதி முன்னினும் இன்றியமையாததாயிற்று. இன்று பெரும்பாலான பட்டறைகளில் ‘இன்சர்ட்’ எனப்படும் கார்பைடு வில்லை, எஃகுத் தாங்கியின் முனையிலுள்ள இருக்கையில் திருகாலோ நெம்புகோலாலோ பொருத்தப்படுகிறது. முனை தேய்ந்தால் வில்லையைத் திருப்பி வைத்தால் போதும்.

எல்லாப் பட்டறைக்கும் கார்பைடே ஏற்றது என்று கொள்ளலாகாது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென் எஃகுத் தண்டை நிமிடத்திற்கு 120 மீட்டர் வேகத்தில் கார்பைடினால் கடைய, தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 760 முறை சுழலவேண்டும். அதிவேக எஃகிற்கு நிமிடத்திற்கு 30 மீட்டர் போதும். அதாவது 190 சுழற்சிகள். பழைய, மெதுவான யந்திரத்தில் நன்கு சாணை பிடித்த அதிவேக எஃகு உளியே நல்ல பயன் தரும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் அளக்க வேண்டியது, ‘டூல் போஸ்ட்’டின் அடித்தளத்திலிருந்து யந்திரத்தின் மையக்கோடு வரை உள்ள உயரமாகும். பொதுவான தாங்கிகளில் வெட்டுமுனை, தண்டின் மேற்பரப்பின் மட்டத்திலேயே அமைந்துள்ளது. எனவே அவ்வுயரம் 25 மில்லிமீட்டராயின் 25 அளவுத் தாங்கி நேரே பொருந்தும். 20 அளவிற்கு 5 மில்லிமீட்டர் தகடு அடியில் வேண்டும். 32 அளவு பயன்படாது.

இரண்டாவது, தாங்கியின் மேலுள்ள குறியீடு. எடுத்துக்காட்டாக ‘பி-சி-எல்-என்-ஆர் 2525 எம் 12’ என்பதில், ‘பி’ வில்லையைத் துளை வழியே இறுக்கும் முறை. ‘சி’ 80 பாகைச் சாய்சதுர வில்லை. ‘எல்’ 95 பாகை வெட்டுக்கோணம். ‘என்’ ஒதுக்கக் கோணம் இல்லாத வில்லை. ‘ஆர்’ வலக்கை வகை. 2525 என்பது உயரமும் அகலமும். ‘எம்’ 150 மில்லிமீட்டர் நீளம். 12 வில்லையின் விளிம்பு அளவு. சிறு யந்திரங்களுக்கும் மெல்லிய தண்டுகளுக்கும் 7 பாகை ஒதுக்கமுள்ள வில்லையும், அதற்குரிய திருகுவகைத் தாங்கியும் நலம்; வெட்டு விசை அவற்றில் குறைவு.

நீட்சியும் மைய உயரமும்

தாங்கி வெளியே நீளும் அளவு இருமடங்கானால், அதே விசையில் அது வளைவது எண்மடங்காகும். நேர்மாறாக, சதுரத் தாங்கியின் பக்கத்தை 20-லிருந்து 25 மில்லிமீட்டராக உயர்த்தினால் வளைவு பாதிக்கும் கீழாகக் குறையும். ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். எஃகு அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 10 சென்டிமீட்டரும் பின்பு 20 சென்டிமீட்டரும் வெளியே நீளச்செய்து, ஒரே சிறு எடையை நுனியில் தொங்கவிட்டுத் தாழ்வை அளந்தால் மாணவர் தாமே உண்மையைக் காண்பர்.

மைய உயரத்தில் நேரும் பிழை சிறு விட்டங்களில் மிகக் கொடியது. 20 மில்லிமீட்டர் தண்டில் உளிமுனை 1 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பின், ஒதுக்கக் கோணம் ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. உளியின் ஒதுக்கமே 6 பாகையாயின் அது வெட்டாது, உராய்ந்து சூடேறும். 100 மில்லிமீட்டர் தண்டிலோ இதே பிழையால் குறைவது சுமார் 1 பாகையே.

பராமரிப்பு

வில்லையை மாற்றும்போதெல்லாம் இருக்கையைத் துடைத்தல் வேண்டும். அடியில் சிக்கிய ஒரு சிறு சுருள் போதும், வில்லை உடைவதற்கு. வில்லையின் கீழ் மெல்லிய தாள் நுழையுமாயின் இருக்கை கெட்டதென்று அறிக. அடித்தகடு நசுங்கியிருந்தால் உடனே மாற்றுக. திருகின் தலை சிதைந்தபின் அதனை மீண்டும் பயன்படுத்தலாகாது. திருகுச் சாவியின் பிடியில் குழாய் செருகி முறுக்குவதும் ஆகாது. டூல் போஸ்டில் குறைந்தது இரண்டு திருகுகளேனும் தாங்கியை அழுத்த வேண்டும். அடியில் பல மெல்லிய தகடுகளை அடுக்குவதைவிடத் தடித்த ஒரு தகடு சிறந்தது. அது டூல் போஸ்டின் முன்விளிம்பு வரை நிற்கவேண்டும். மழை மிகுந்த மலைப்பகுதிகளில், வேலை முடிந்ததும் தாங்கிகளைத் துடைத்து எண்ணெய் பூசி, ஒன்றோடொன்று உரசாதவாறு மரத் தட்டில் வைத்தல் துருவினின்று காக்கும்.

தண்டு சுழலும்போது உளியைத் தொடுவதோ, மாற்றுவதோ, சுருளைக் கையால் இழுப்பதோ எக்காரணத்தாலும் கூடாது. இளம் பயிற்சியாளரின் விரலுக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. யந்திரத்தை நிறுத்துவதற்கு ஆகும் சில விநாடிகள் எந்த வேலையையும் தாமதப்படுத்துவதில்லை என்பதை முதல் நாளிலேயே கற்பித்தல் ஆசிரியரின் கடமையாகும்.