மாம்பழமும் பாடுமீனும்



வெள்ளவத்தையில் என் மருமகள் தரம் 6இல் படிக்கிறாள். போன கிழமை ஓடி வந்து, "மாமா, 'மிஸ்டீரியஸ்' எண்டா என்ன?" என்று கேட்டாள். அம்மா வாங்கி வைத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களில் ஒன்றைக் காணவில்லையாம். அண்ணா அதைத்தான் 'மிஸ்டீரியஸ்' என்றானாம்.

நல்ல கேள்வி, இல்லையா? சொல்லைக் கண்டால் அதன் பொருளைக் கேட்கிற பிள்ளையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அதன் வேருக்கு 'மூடுதல்' என்று பொருள் சொல்வார்கள். பழைய கிரேக்கத்தில் சில இரகசியச் சடங்குகள் நடந்தன. போனவர்கள் அங்கே கண்டதை வெளியே சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொள்ள வேண்டும்! அண்ணாவும் அன்று வாயை இறுக மூடிக்கொண்டுதான் நின்றான். சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறான், பொல்லாத பயல்.

இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. பள்ளி மணி பத்து நிமிடம் முந்தி அடித்துவிட்டது என்று வையுங்கள். காரணம் இன்னும் தெரியவில்லை. அது 'அன்எக்ஸ்பிளெய்ன்ட்'. காரணத்தைச் சொல்லவே முடியாது என்றால் 'இன்எக்ஸ்பிளிக்கபிள்'. இரண்டாவதை வாயில் எடுக்குமுன் நான் மிகவும் யோசிப்பேன். அதைச் சொல்லிவிட்டால் மணிக்கூண்டுப் பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் கால் எழும்பாது.

விளங்குகிறதா? இப்போது மட்டக்களப்புக்குப் போவோம். 'மீன்பாடும் தேனாடு' என்று அந்த ஊரைச் சொல்வார்களே, ஏன் தெரியுமா? கல்லடிப் பாலத்தடியில், பூரணை இரவில், வாவிக்குள்ளிருந்து மெல்லிய இசை கேட்கும். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, ஏறக்குறைய அந்த ஒலி.

1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி படகில் போய் அதைக் கேட்டார். 1859இல் வந்த தன் நூலில் எழுதியும் வைத்தார். மீனவர்கள் அவருக்கு ஊரிகளை, அதாவது சிறு சங்கு வகைகளைக் காட்டி, பாடுவது இவைதான் என்றார்களாம். மீன் என்பவர்களும் உண்டு. சில மீன்கள் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பையைத் தசையால் தட்டி ஒலி எழுப்பும். அதனால் அதையும் தள்ளிவிட முடியாது. எந்த உயிர் என்று இன்றும் முடிவாகவில்லை. ஆகவே அது 'அன்எக்ஸ்பிளெய்ன்ட்'.

டெனன்ட் ஒன்று செய்தார். படகுப் பலகையில் காதை வைத்தார். ஒலி பெருத்தது! ஏன்? தண்ணீருக்குள் பிறக்கும் ஒலி மேலே காற்றுக்கு வரும்போது பெரும்பகுதி மேற்பரப்பில் முட்டித் திரும்பிவிடும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரமோ அதை வாங்கி நேரே காதுக்குக் கொடுக்கும்.

மரம் ஒலியை எப்படிக் கடத்துகிறது என்று வகுப்பிலேயே பார்க்கலாம். நீளமான வாங்கின் ஒரு முனையில் காதை வையுங்கள். மறுமுனையில் தோழி நகத்தால் மெல்லச் சுரண்டட்டும். கேட்கிறதா? இப்போது காதை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

'அன்எக்ஸ்பிளெய்ன்ட்' என்று இருந்ததற்கு ஒரு நாள் விடை கிடைப்பதும் உண்டு. கேரளத்தில் 2001இல் சிவப்பு மழை பெய்தது. விண்கல் வெடித்திருக்கும் என்றுகூட முதலில் சொன்னார்கள். மழைநீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒருவகைப் பாசியின் வித்திகள்! பாடுமீனுக்கு அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் இருக்கிறது. பூரணை பார்த்துப் போங்கள். படகுக்காரரிடம் ஒரு துடுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனை தண்ணீரில், மறுமுனை காதில்.